ஆறாவது பிரிவும் பிலோமினா அக்காவின் இடது தோளும்

முப்பத்து நான்கு வயதில் என்னை யாராவது "ஓய்வு பெற்ற கிராணி", அதாவது குமாஸ்தா, என்று அறிமுகப்படுத்தினால் சிரிப்புதான் வருகிறது. போன மாதம் அப்படித்தான் நடந்தது. ஜொகூர் பாருவில் நான் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்த வக்கீல் அலுவலகத்தில் புதிதாக இரண்டு பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். உடன்பாட்டுப் பத்திரங்களை இப்போது கணினியே எழுதிக் கொடுத்துவிடுகிறதாம். விவரங்களைப் போட்டால் போதும், தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் பன்னிரண்டு பக்கம் தயார். "அக்கா, நீங்க இருந்தப்போ இதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்?" என்று அவர்களில் ஒருத்தி வாட்ஸ்அப்பில் கேட்டாள்.

"எட்டு நிமிஷம்" என்று உடனே பதில் போட்டேன். பெருமையாகத்தான் போட்டேன். பிறகு உறுத்தியது. அந்த எட்டு நிமிடத்தால் ஒரு தடவை என்ன ஆனது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். அது வாட்ஸ்அப்பில் அடங்காது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வேலை கசந்து நான் விலகவில்லை. ஒரே நாற்காலியில் அதிக நாள் உட்கார என்னால் முடியாது, அவ்வளவுதான். இப்போது கணவரோடு கெலாங் பாத்தாவில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். கை முழுக்க கிரீஸ், மனம் முழுக்க நிம்மதி.

எஸ்டிபிஎம் என்ற மேல்நிலைப் பள்ளித் தேர்வை முடித்துவிட்டுப் பல்கலைக்கழக இடத்துக்குக் காத்திருந்த சமயத்தில், மூன்று மாதம் மட்டும் என்றுதான் அந்த அலுவலகத்துக்குப் போனேன். இடம் வரவில்லை, நான் தங்கிவிட்டேன். பிறகு வேலை பார்த்துக்கொண்டே வார இறுதி வகுப்பில் டிப்ளோமா முடித்தேன். முதல் வருடம் முழுக்க வரிசைகளில் நின்றே கழிந்தது. சிகாமட் நீதிமன்றத்துக்கு ரயிலேறிப் போய், ஒரு மணி நேரம் தவறான கவுண்டரில் நின்று, என் முறை வந்தபோது அவர்கள் சாப்பிடப் போன கதையெல்லாம் உண்டு. இரண்டாம் வருடத்தில் எனக்கு வேகம் வந்தது. மூன்றாம் வருடத்தில் வேகத்தோடு திமிரும் வந்தது.

எங்கள் வக்கீல் சரோஜினி மேடத்துக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். ஏர்கண்டிஷன் ஆகாது. நீதிமன்றத்துக்குப் போகும் காலணியை மேசைக்கு அடியில் கழற்றிவிட்டு, ரப்பர் செருப்போடுதான் அலுவலகம் முழுக்க நடப்பார். கோபம் வந்தால் குரல் உயராது. வேர்க்கடலையை உரிக்கும் வேகம்தான் கூடும். அவருடைய அறைக் கதவுக்கு வெளியே நின்று சத்தத்தைக் கேட்டே, இன்றைக்குப் போகலாமா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்வோம்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. கட்சிக்காரர் எந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதானாலும், கிராணி அதை ஒவ்வொரு பிரிவாக வாய்விட்டுப் படிக்க வேண்டும். பத்திரம் மலாயில் இருக்கும். படித்துவிட்டுத் தமிழில் சொல்ல வேண்டும். அதோடு முடியாது. கேட்டவர் அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அந்தப் பிரிவின் ஓரத்தில் சுருக்கக் கையெழுத்து. "புரிஞ்சுதா?" என்று கேட்கவே கூடாது. கேட்டால் எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள் என்பார். ஒரு லாரி ஓட்டுநர் பதினைந்து பிரிவையும் திருப்பிச் சொல்லி முடித்துவிட்டு, "மேடம், எனக்கு எத்தனை மார்க்?" என்று கேட்டது நினைவிருக்கிறது.

இன்னொரு பக்கம் என்னுடைய முறை. எங்களுக்கு வரும் வழக்குகளில் முக்கால்வாசி சாலை விபத்துதான். அவற்றுக்கான உடன்பாட்டுப் பத்திரங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் ஒவ்வொரு வகைக்கும் நல்ல பத்திரம் ஒன்றை எடுத்துத் தனியாக வைத்திருப்போம். அதற்குத் 'தாய்க் கோப்பு' என்று பெயர். பழைய பெயரைத் தேடு, புதிய பெயரைப் போடு. லாரி நம்பரைத் தேடு, மோட்டார் சைக்கிள் நம்பரைப் போடு. எட்டு நிமிடம்.

என்னுடைய ஐந்தாம் வருடத்தில்தான் பிலோமினா அக்கா வந்தார். செனாய்ப் பக்கத்தில் அரசாங்க வாடகை அடுக்குமாடி ஒன்றில் நான்காம் மாடியில் குடியிருந்தார். வீட்டுக்காரர் என்றால் வீடமைப்பு அலுவலகம்தான். அவருடைய தொழில் பள்ளி வேன். காலையில் இரண்டு நடை, மத்தியானம் இரண்டு நடை, ஒரு வேன் நிறையப் பிள்ளைகள்.

மேல்வீட்டுக் குளியலறைக் குழாய் ஒழுகி அவர் வீட்டுக் கூரை ஊறிப்போயிருந்தது. பல தடவை புகார் கொடுத்த பிறகு வீடமைப்பு அலுவலகம் பழுதுவேலைகளை எடுத்துச் செய்யும் ஒரு குத்தகையாளரை அனுப்பியது. குத்தகையாளரின் ஆட்கள் கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் மேலிருந்து உடைத்தார்கள். காரைக்கட்டி ஒன்று பெயர்ந்து அக்காவின் இடது தோளில் விழுந்தது. மீதி அலமாரி, பிரிட்ஜ், கட்டில் எல்லாவற்றின் மேலும் விழுந்தது.

"இடது கைதானே, நல்ல வேளை" என்று நான் ஆறுதலாகச் சொன்னேன்.

"ஏன் தங்கச்சி, நீ கார் ஓட்டுனதே இல்லையா? கியரு எந்தப் பக்கம் இருக்கு?" என்றார் அக்கா.

மேடத்தின் திட்டம் தெளிவாக இருந்தது. வீடமைப்பு அலுவலகத்தோடு உடனே பேசி முடித்துவிடலாம்: சேதமான சாமானுக்கு ஈடு, சில மாத வாடகைத் தள்ளுபடி, அதே கட்டடத்தில் முதல் மாடியில் வேறொரு வீடு. தோளுக்கான நஷ்ட ஈட்டைத் தனியாக வைத்துக்கொண்டு, காயம் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுக் குத்தகையாளரிடம் கேட்கலாம். வீடமைப்பு அலுவலகத்தில் இந்த விஷயத்தைப் பார்த்த அதிகாரி என்சே ஹம்டான் நிதானமானவர் (மலாயில் 'என்சே' என்றால் ஐயா). இரண்டே சந்திப்பில் பேச்சு முடிந்தது.

கையெழுத்து ஒரு வியாழக்கிழமை. ஜொகூரில் அப்போது வெள்ளியும் சனியும் விடுமுறை. அன்று மாலைக்குள் பத்திரம் போய்ச் சேராவிட்டால் சாவி அடுத்த வாரம்தான்; அதற்குள் அந்த வீட்டை வேறு யாருக்காவது ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம் வேறு. மேடம் சிகாமட்டில் ஒரு வழக்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒரு கால் காருக்குள்.

"தாய்க் கோப்புலேர்ந்துதானே எடுத்த?"

"ஆமா மேடம்."

"சரி, படிச்சுக் காட்டிட்டு வாங்கிடு."

அவர் பத்திரத்தைப் படிக்காமலேயே அதோடு போகும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நான் அக்காவை உட்காரவைத்துப் படிக்க ஆரம்பித்தேன். முதல் ஐந்து பிரிவும் சரியாகவே போயின. அலமாரி, பிரிட்ஜ், வாடகை, சாவி எல்லாவற்றையும் அக்கா அழகாகத் திருப்பிச் சொன்னார். ஆறாவது நீளமானது. வீடமைப்பு அலுவலகம், அதன் ஊழியர்கள், முகவர்கள், குத்தகையாளர்கள் ஆகிய யார் மீதும் இந்தச் சம்பவம் தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று இருந்தது. மலாயில் கடகடவென்று படித்துவிட்டு, "இது எல்லா பேப்பர்லயும் வர்றதுதான்க்கா" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினேன். அக்கா தலையாட்டினார். சுருக்கக் கையெழுத்துப் போட்டார். மாலை ஐந்து மணிக்கு முன்பே சாவி அவர் கையில். எனக்குப் பெரிய சாதனை செய்த மாதிரி இருந்தது.

தோள் குணமாகவில்லை. உள்ளே தசைநார் கிழிந்திருக்கிறது, அறுவை சிகிச்சை வேண்டும் என்றார்கள். அரசு மருத்துவமனையில் வரிசை நீளம். தனியாரில் செய்துகொண்டால் அடுத்த பள்ளி ஆண்டுக்கு வண்டிக்குத் திரும்பலாம். அதுவரை கூலிக்கு ஓர் ஆளை வைத்து ஓட்டினார். அவன் தினமும் தாமதமாக வந்தான். பெற்றோர்கள் ஒவ்வொருவராக வேறு வேன் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு வருடம் இப்படிப் போனால் தொழிலே கையைவிட்டுப் போய்விடும். ஆகவே குத்தகையாளருக்குக் கோரிக்கைக் கடிதம் அனுப்பினோம்.

பதில் குத்தகையாளருக்குக் காப்புறுதி கொடுத்த இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல்களிடமிருந்து வந்தது. ஒரே பக்கம். உங்கள் கட்சிக்காரர் ஏற்கெனவே கையெழுத்திட்ட உடன்பாட்டின் ஆறாவது பிரிவைப் பார்க்கவும் என்று இருந்தது. அந்தப் பிரிவை அப்படியே கீழே எடுத்துப் போட்டிருந்தார்கள்.

நகலெடுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று படித்தேன். உடனே தாய்க் கோப்பைத் திறந்தேன். அது ஒரு லாரி கம்பெனி வழக்கிலிருந்து எடுத்தது. அந்த லாரியை ஓட்டியவர் கம்பெனியின் சம்பள ஆள் இல்லை, குத்தகையாளர். அவரையும் சேர்த்தே வழக்கை முடித்திருந்தோம். அதனால்தான் அங்கே அந்தச் சொல். நான் லாரி கம்பெனியின் பெயரைத் தேடி மாற்றினேன். லாரி நம்பரைத் தேடி மாற்றினேன். 'குத்தகையாளர்கள்' என்பது யாருடைய பெயரும் இல்லையே. அது அப்படியே உட்கார்ந்திருந்தது.

அந்தக் கடிதத்தை இரண்டு நாள் என் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். இழுப்பறையில் இருந்தால் அது தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. மூன்றாம் நாள் மேடத்தின் முன்னால் கடிதத்தையும் தாய்க் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

அவர் படித்தார். கடலை உரிப்பதை நிறுத்தினார். அதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"நானும் படிக்காம போட்டேன்," என்றார் கடைசியில். பிறகு, "ரெண்டு நாளா எங்க இருந்துச்சு இது?"

"டிராயர்ல மேடம்."

"தப்பு ஒண்ணுனா மன்னிக்கலாம். இது ரெண்டு." செருப்பைத் தேடி மாட்டினார். "கிளம்பு. செனாய் போறோம். போன்ல சொல்ற விஷயமில்ல."

முதல் மாடியில் அக்காவின் புது வீடு. ஜன்னல் திரை புதிது. எங்களைப் பார்த்ததும் நல்ல செய்தி என்று நினைத்து மைலோ கலக்கிக்கொண்டு வந்தார். மேடம் ஆரம்பித்தார்: "பிலோமினா, அந்தப் பத்திரத்துல எங்க பக்கம் ஒரு தப்பு…"

"நான்தான்க்கா செஞ்சேன்," என்று குறுக்கே விழுந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். தாய்க் கோப்பு, லாரி, தாண்டிப் போன அந்த ஒரு பக்கம்.

அக்கா மைலோ குவளையைக் கீழே வைத்தார். "ஆமா. 'எல்லா பேப்பர்லயும் வர்றதுதான்'னு சொன்ன. ஞாபகம் இருக்கு. படிச்ச புள்ள சொல்லுது, சரியாத்தான் இருக்கும்னு நானும் மண்டைய ஆட்டினேன்."

"சாரிக்கா."

"இரு. நான் சொல்லி முடிச்சிடறேன். தினம் மத்தியானம் கடைசிப் புள்ளய இறக்கிவிட்டதும், வேன்ல கடைசி சீட்டு வரைக்கும் நடந்து போய்ப் பாத்துட்டுத்தான் பூட்டுவேன். பதினாறு வருஷமா. ஒரு நாள்கூட எந்தப் புள்ளயும் உள்ள தூங்கிட்டு இருந்ததில்ல. தெரியும், யாரும் இருக்க மாட்டாங்கன்னு. ஆனாலும் நடப்பேன்." என்னை நேராகப் பார்த்தார். "நீ நடக்கலம்மா."

என் வாழ்நாளில் அதைவிடச் சரியாக என்னை யாரும் திட்டியதில்லை.

மேடம் ஒரு காகிதத்தை எடுத்து எழுதினார். "நீங்க வேற வக்கீலைப் பாருங்க. எங்க மேல புகாரும் கொடுக்கலாம், நஷ்ட ஈடும் கேக்கலாம். எங்க கொடுக்கணும்னு இதுல எழுதியிருக்கேன். அவசரப்பட்டு எங்களையே நம்பாதீங்க."

அக்கா அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட, அலமாக்! தன்னை மாட்டிவிடறதுக்குத் தானே அட்ரஸ் எழுதிக் குடுக்கிற ஆள இப்பத்தான் பாக்குறேன்."

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவரிடமிருந்து பேச்சே இல்லை. போனும் எடுக்கவில்லை. பத்தாம் நாள் காலையில் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கூலாய்ல ஒரு வக்கீலப் பாத்தேன். உங்க மேடம் சொன்னதையேதான் அவரும் சொன்னாரு. என்ன, இவரு கோட்டு போட்டுக்கிட்டு சொன்னாரு." கைப்பையிலிருந்து அந்த வக்கீலின் முகவரி அட்டையை எடுத்து வைத்தார். "நீங்க என்ன எழுதினாலும் அவரு பாத்துட்டுத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். சரியா?"

"ரொம்ப சரி," என்றார் மேடம். அன்றைக்கு மறுபடியும் கடலைச் சத்தம் கேட்டது.

வழி இதுதான். குத்தகையாளர் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் இல்லை. அதை வைத்தே நீதிமன்றத்தில் வாதாடலாம். ஆனால் வருடக்கணக்காகும், தோள் காத்திருக்காது. அதற்குப் பதிலாக, கையெழுத்துப் போட்ட இரண்டு தரப்பும், அதாவது அக்காவும் வீடமைப்பு அலுவலகமும், அந்தச் சொல் தவறுதலாக வந்தது, குத்தகையாளரை விடுவிப்பது எங்கள் நோக்கமே இல்லை என்று ஒரு திருத்தப் பத்திரம் எழுதினால் விஷயம் தெளிவாகிவிடும். அதற்கு என்சே ஹம்டான் சம்மதிக்க வேண்டும். அவர் சம்மதிக்க, அந்தச் சொல் எப்படி வந்தது என்று யாராவது சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும்.

யாராவது என்றால் நான்தான்.

முதல் வரைவில், 'தட்டச்சின்போது அந்தச் சொல் தவறுதலாக இடம்பெற்றுவிட்டது' என்று எழுதிக் கொண்டுபோனேன்.

"யாரு இடம்பெற வச்சது? பேயா?" என்றார் மேடம்.

திருப்பி எழுதினேன். நான் இன்ன வழக்கின் பத்திரத்திலிருந்து நகலெடுத்தேன். நான் அந்தச் சொல்லை நீக்கவில்லை. நான் அந்தப் பிரிவைக் கட்சிக்காரருக்கு விளக்கவில்லை. மூன்று வாக்கியம். சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் நின்று அதை வாசித்துக் கையெழுத்துப் போட்டபோது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் படி இறங்கி வெளியே வந்தபோது, பல வாரங்களுக்குப் பிறகு பசித்தது. எதிர்க்கடையில் இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டேன்.

என்சே ஹம்டான் என் பிரமாணப் பத்திரத்தை இரண்டு தடவை படித்தார். நாங்கள் பேசியதெல்லாம் மலாயில். தமிழில் சொன்னால் இப்படி வரும்.

"இதை நீயே எழுதினாயா? வேலை போய்விடாதா?"

"இன்னும் போகவில்லை, என்சே."

சிரித்தார். பிறகு முகம் மாறியது. "என் சிரமத்தைச் சொல்கிறேன். இதில் கையெழுத்துப் போட்டு நீங்கள் குத்தகையாளரிடம் போனால், அவர் திரும்பி எங்களை இழுப்பார். பாதித் தப்பு வீடமைப்பு அலுவலகத்துடையது என்பார். என் மேலதிகாரி என்னைக் கேட்பார்."

நியாயமான கேள்வி. மேடம் அதை எதிர்பார்த்தே வந்திருந்தார். குத்தகையாளரின் தவறுக்கு உரிய பங்கை மட்டும்தான் அக்கா கேட்பார், அதற்கு மேல் கேட்க மாட்டார் என்று ஒரு பிரிவைச் சேர்த்திருந்தார். அப்படியானால் அவர்கள் வீடமைப்பு அலுவலகத்தை இழுப்பதில் பயன் இல்லை. என்சே ஹம்டான் அதையும் படித்துவிட்டுக் கோப்பை மூடினார்.

"பேச்சு நடந்தபோது மேசையில் நானும் இருந்தேன்," என்றார். "அலமாரியைப் பேசினோம். பிரிட்ஜைப் பேசினோம். சாவியைப் பேசினோம். குத்தகையாளரைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. பேசாததைப் பேசியதாக என் கோப்பில் எப்படி விட்டுவைப்பது? சட்டப் பிரிவுக்கு அனுப்புகிறேன். என் குறிப்பையும் சேர்த்து."

மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் மதிய உணவு நேரத்தில் நான் வீடமைப்பு அலுவலகத்துக்குப் போன் போடுவேன். "துர்கா, லாகி?" என்பார் அங்கிருந்த பெண், மறுபடியுமா என்று. கடைசியில் முத்திரை குத்திய திருத்தப் பத்திரம் வந்தது. கூலாய் வக்கீல் பார்த்துச் சரி சொன்னார். அக்கா கையெழுத்துப் போட்டார்.

காப்புறுதி வக்கீல்களுக்கு அதன் நகலை அனுப்பிய பிறகு அவர்களுடைய கடிதங்களின் தொனி மாறிவிட்டது. நேரில் பேசலாம் என்றார்கள். பேசினோம். அறுவை சிகிச்சைச் செலவும், அக்கா ஓட்டாமல் இழந்த மாதங்களும் அதில் அடங்கின. புது உடன்பாட்டுப் பத்திரத்தை எந்தத் தாய்க் கோப்பும் இல்லாமல் வெற்றுப் பக்கத்திலிருந்து நான் அடித்தேன். இரண்டு நாள் ஆனது. அக்காவுக்குப் படித்துக்காட்ட முக்கால் மணி நேரம். எதிர்த்தரப்பின் இளம் வக்கீல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒன்பதாம் பிரிவில் அக்கா கையைத் தூக்கினார். வலது கையை.

"ஆப்ரேஷனுக்கு அப்புறம் கைப்பயிற்சிக்கு ஆறு மாசம் போகணும்னு டாக்டர் சொன்னாரு. இதுல அது எங்கம்மா இருக்கு?"

இல்லை. நான் விட்டிருந்தேன். மேடமும் விட்டிருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு போன் செய்துவிட்டு வந்து, சேர்த்துக்கொள்ளலாம் என்றார். சேர்த்தோம். நான்கு பேரும் அதன் ஓரத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டோம்.

எல்லாருடைய கதையும் இப்படி முடிவதில்லை. ஒரு சொல்லால் எல்லாவற்றையும் இழந்தவர்களின் கோப்புகளையும் நான் அடுக்கியிருக்கிறேன். இது அதிர்ஷ்டமான வழக்கு. என் தவறைத் திருத்த இன்னும் இரண்டு பேர் கையெழுத்துப் போட மனம் வைத்தார்கள். அதனால்தான் இதை எழுதும்போது என்னால் நிம்மதியாக எழுத முடிகிறது.

அறுவை சிகிச்சை முடிந்து கைப்பயிற்சியும் முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை காலை அக்கா போன் செய்தார். "தங்கச்சி, லீவுதானே? செனாய்க்கு வா. நாளையிலேர்ந்து நானே ஓட்டப்போறேன். புள்ளைங்களை ஏத்துறதுக்கு முன்ன ஒரு ஆள உக்கார வச்சுப் பாக்கணும்."

"நானாக்கா?"

"வேற யாரு? ஏதாச்சும் ஆனா உன் தலைக்கு ஆகட்டும்."

போனேன். முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்தேன். முதல் கியர் சுலபமாக விழுந்தது. இரண்டாவதுக்குக் கொஞ்சம் பல்லைக் கடித்தார். தொழிற்பேட்டைச் சாலையில் மூன்று, நான்கு. சமிக்ஞை விளக்கில் வண்டி ஒரு தடவை நின்றுவிட்டது. பின்னாலிருந்த லாரி ஹார்ன் அடித்தது. "அடி, அடி. கை வலிக்கட்டும், அப்பத் தெரியும்" என்றார் கண்ணாடியைப் பார்த்து. மறுபடியும் சாவியைத் திருப்பினார்.

விமான நிலையம் வரை போய்த் திரும்பி அடுக்குமாடிக்குக் கீழே வந்தோம். அவருடைய இடம் இரண்டு கார்களுக்கு நடுவே. பின்னோக்கித்தான் போட வேண்டும். அந்தப் பழைய வேனில் ரிவர்ஸ் கியரை அழுத்திப் பிடித்துக்கொண்டே இடது பக்கம் தள்ளி இழுக்க வேண்டுமாம். முழுத் தோளும் வேலை செய்தால்தான் அது விழும். அக்கா தோளை ஒரு தடவை சுழற்றிவிட்டுக் கையைக் கியரில் வைத்தார். அழுத்தினார். தள்ளினார். இழுத்தார். கடக்கென்று விழுந்தது. வேன் மெல்லப் பின்னால் நகர்ந்து கோட்டுக்குள் நேராக நின்றது.

எஞ்சினை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்ன அழுதுகிட்டு உக்காந்திருக்க? இறங்கு லா. மேல போயி மைலோ போடு. இந்தத் தடவ நீ போடு."